அம்மாவின் திரை மட்டும் அணைகிறது

கடல்மேல் இருக்கும் அப்பாவுக்கு, கரையில் இருக்கும் உங்கள் புத்தகப்புழு வணக்கத்துடன் எழுதுவது.

நலமாக இருக்கிறீர்களா? எஞ்சின் அறை வெக்கையில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். என் கையெழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதென்று கோபிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொல்ல முடியாது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். உங்கள் கப்பலில் சேரப்போகும் சமையல்கார மாமா விடைபெற வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்குத் தேர்வு நடக்கிறது. அறிவியல் நன்றாக எழுதினேன். கணக்கைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது.

அம்மாவின் வேலைக்குத்தான் ஆபத்து வந்தது, அப்பா. போன வாரம் "எல்லாம் நல்லாப் போகுது" என்று உங்களிடம் சொன்னாளே, அது பொய்.

அம்மா வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் புதிதாகச் சின்னப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். தின் கிளையன்ட் என்று பெயர். புத்தகம் அளவுதான் இருக்கும். அதற்குள் கம்ப்யூட்டர் கிடையாது. எல்லோருடைய கம்ப்யூட்டரும் மாடியில் குளிர் அறையில் இருக்கும் சர்வருக்குள்ளே ஓடுகிறது. பெட்டி அதன் படத்தை வாங்கித் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான். எந்த மேசையில் உட்கார்ந்து கடவுச்சொல் கொடுத்தாலும் நம்முடைய திரையே வந்து நிற்கும். முதல் நாள் இதைப் பார்த்து நான் வாய் பிளந்தேன்.

ஆனால் அம்மாவின் திரை மட்டும் வந்ததும் விழுந்தது. கடவுச்சொல் கொடுப்பாள், படம் வரும், ஒரு மூச்சு விடுவதற்குள் கறுப்பாகிவிடும். "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று ஒரு வரி. வரவேற்பு மேசை அக்கா, "உங்க கை பட்டாலே பெட்டி மயக்கம் போட்டு விழுதே, சோடா வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேலி செய்வாள். அம்மாவும் கூடச் சிரிப்பாள். மேலாளர் சிரிக்கவில்லை. "தினமும் உங்க ஒருத்தராலதான் ரிப்போர்ட் தாமதம். இந்த வாரத்துக்குள்ள சரியாகலேன்னா வேற ஆள் பாத்துக்கிறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டர் பார்க்க வருகிறவரை எல்லோரும் ஒயர் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு ஒயரை மாலைபோல் போட்டிருப்பார். தேர்வு மதியத்தோடு முடிவதால் நான் அங்கேதான் இருந்தேன். அவர் பின்னாலேயே சுற்றினேன். கேபிளை மாற்றினார், விழுந்தது. பெட்டியையே மாற்றினார், விழுந்தது. பிறகு அம்மாவின் பெட்டியில் வரவேற்பு அக்காவைத் தன் கடவுச்சொல்லைக் கொடுக்கச் சொன்னார், ஜம்மென்று ஓடியது. அக்காவின் பெட்டியில் அம்மா கொடுத்தாள், விழுந்தது. "அப்ப கோளாறு பெட்டியில இல்ல அண்ணா, அம்மாவோட கணக்குலதான்" என்று நான் முந்திரிக்கொட்டையாகச் சொன்னேன். "எனக்குச் சம்பளம் எதுக்கு, உனக்கே குடுத்துடலாம்" என்றார்.

அம்மாவின் அமைப்புகள் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக்கொடுத்தார். காலையெல்லாம் ஓடியது. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி இணைத்ததும் விழுந்தது. மறுநாளும் அழித்தார். மறுநாளும் அப்படியே. "நடுவுல எதையாவது நோண்டினீங்களாக்கா?" என்று கேட்டார். அம்மா, "நான் எதையும் தொடலப்பா, என் பிள்ளை மேல சத்தியம்" என்றாள். நான் உடனே அம்மாவுக்காகச் சண்டை போட்டேன். அண்ணன் என்னை மட்டும் மாடிக்கு அழைத்துப்போனார்.

அங்கே பெரிய கம்ப்யூட்டர் வழியாக அம்மாவின் திரையைத் திறந்தார். அதில் விழவில்லை. ஆனால் நான் பார்த்தது, அப்பா! எழுத்து ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. ஒரு நோயாளியின் பெயர்கூட முழுதாகத் திரையில் அடங்கவில்லை. அதற்கும் மேல் பூதக்கண்ணாடி போன்ற ஒரு கட்டம், சுட்டி போகும் இடமெல்லாம் இன்னும் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டு. அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "இது யாருக்கு, ப்ளேன்ல போறவன் படிக்கிறதுக்கா? இணைக்கும்போது இவ்வளவையும் ஒரேயடியா வாங்க அந்தச் சின்னப் பெட்டிக்குத் தெம்பு ஏது?" பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்தாளே என்பதற்காக இல்லை. சமீபமாக அவள் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நீங்கள் அனுப்பும் செய்திகளை "உன் குரல்ல கேட்டா நல்லாருக்கு, படிடீ" என்பாள். பரிசோதனைச் சீட்டிலிருக்கும் எண்களை என்னைப் படிக்கச் சொல்லித் தட்டச்சு செய்வாள். எனக்கு வேலை பழக்குகிறாள் என்று பெருமைப்பட்டேன். பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பாள். என் மேல் கோபம் என்று நினைத்தேன்.

அண்ணன் எழுத்தைப் பழைய அளவுக்கே வைத்து, இனி மாற்ற முடியாதபடி பூட்டினார். கீழே இறங்கி வந்தோம். அம்மா கடவுச்சொல் கொடுத்தாள். திரை வந்தது, நின்றது, விழவேயில்லை. வரவேற்பு அக்கா கை தட்டினாள். மேலாளர்கூடத் தலையாட்டினார். அம்மா மட்டும் விசைப்பலகைமேல் கையை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "கண்ணு, இங்க என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை, அப்பா.

மறுநாள் எனக்குத் தேர்வு. காலையில் நான் அங்கே இல்லாதபோது ஒரு பெரியவரின் சர்க்கரை அளவை, ஆபத்தாகக் குறைந்திருந்த நாற்பத்தெட்டை, சரியான அளவான தொண்ணூற்றெட்டு என்று அடித்திருக்கிறாள். அவருக்கு வியர்த்துக் கொட்டுவதைப் பார்த்த டாக்டர் சந்தேகப்பட்டு மறுபடி சோதிக்கச் சொன்னதால் பிழைத்தார். "அவசரத்துல கை தவறுறதுதான்" என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது அம்மாவே என்னிடம் சொன்னாள். நேராகப் பார்த்தால் நடுவில் புகை படிந்ததுபோல் இருக்கிறதாம், ஓரங்கள்தான் தெளிவாம். ரகசியமாகப் புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறாள், பயனில்லை. அது துணி அலமாரியில் கிடக்கிறது. கண் டாக்டரிடம் மட்டும் போகவில்லை. "போனா என்னன்னு சொல்லிடுவாங்கல்ல" என்றாள். பிறகு, "அப்பாகிட்ட மூச்சு விடாதே. பாதியில விட்டுட்டு ஓடி வந்துடுவாரு" என்றாள். நான் தலையாட்டினேன். அதை அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை. "சரின்னு சொல்லு" என்றாள். சொன்னேன்.

சொன்ன சொல்லை மீறித்தான் இதை எழுதுகிறேன். நாளைக்கும் அம்மா எண்களை அடிக்கப் போகிறாள். எனக்கு நாளைக்கும் தேர்வு இருக்கிறது.

ஒயர் அண்ணன் யாரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. "பெரிய எழுத்தைத் தாங்குற பெட்டி இருக்கு பாப்பா, கேட்டா வாங்கித் தருவாங்க. ஆனா முதல்ல கண்ணைக் காட்டணும்" என்றார். நான் சொன்னால் அம்மா கேட்க மாட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். பக்கத்தில் நின்று சொன்னால் கட்டாயம் கேட்பாள்.

எழுத்து ஏன் இவ்வளவு சிறிது என்று இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். அம்மா இப்போது எதிரில்தான் உட்கார்ந்து துணி மடிக்கிறாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். பயந்துகொண்டே இந்தத் தாளைத்தான் நீட்டினேன். முகத்தருகே பிடித்தாள், சாய்த்துப் பார்த்தாள், திருப்பித் தந்தாள். "முத்து முத்தா இருக்கு எழுத்து. அப்பா சந்தோஷப்படுவாரு" என்றாள்.

கப்பலில் வெல்டிங் வைக்கும்போது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், அப்பா. உங்கள் கண்ணாவது எங்களுக்குப் பத்திரமாக இருக்கட்டும்.

உங்கள் வரவை நோக்கி,
புத்தகப்புழு