முதுகுப் பக்க ஜிப்

அன்பு மகளுக்கு,

இந்த வயதில் கடல் அலையில் சறுக்கு விளையாட்டு தேவையா என்று போனில் குதி குதி என்று குதித்தாய். போனிலேயே பதில் சொன்னால் எதையாவது உளறிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

என் பலகை மெத்துமெத்தென்று இருக்கும், தலையில் பட்டாலும் மண்டை உடையாது. என் கணுக்காலோடு அதைக் கயிற்றால் கட்டியிருப்பேன். இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்ட மாட்டேன். குளிர் தாங்கும் ரப்பர் உடுப்பு வாங்கும்போது, "ஒரு சைஸ் பெருசா குடும்மா" என்றேன்.

"லூசா இருந்தா தண்ணி உள்ள புகுந்துடும். மூச்சு விட முடியுதா? அப்போ இதுதான் உங்க சைஸ்" என்றாள் கடைக்காரப் பெண்.

அது இப்போது அப்பாவின் அலமாரியில் தொங்குகிறது. இத்தனை வருஷமாகக் காலியாகத்தானே கிடந்தது.

தனியாகக் கடலில் இறங்காதே என்றாய். இறங்குவதில்லை. உன் ஐஸ் ஹாக்கிக்குப் பல் காப்பு செய்து கொடுத்தாரே, அந்தப் பல் டாக்டரும் என்னோடு அதே சறுக்கு வகுப்பில்தான் சேர்ந்திருக்கிறார். "கழுத்துக் காப்பும் போடச் சொல்லுங்க. விழுந்தா யார் ஸ்கேட் பிளேடு எங்க படும்னு சொல்ல முடியாது" என்றார். போடுகிறாயா, இல்லையா? எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாய்.

உடுப்பைப் பற்றி இன்னொன்று. ஜிப் முதுகுப் பக்கம் இருக்கிறது, கை எட்டாது. தனியாக வருபவர்கள் தாங்களே இழுத்துக்கொள்ள அதில் நீளமாக ஒரு நாடா வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

அந்த நாடாவை நான் இதுவரை தொட்டதே இல்லை.

பத்திரமாகத்தான் இருக்கும்,
உன் அம்மா