காற்றை நம்பிக் கழற்றிய தகரம்

பள்ளிவாசல்துறை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் இப்ஹாமுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகம், உன் சுகத்தை அவனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு தொழுகையிலும் பாயை மடிக்கிறேன். ஃபோன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் நாலு சொல் சொல்வதற்குள் வாப்பா பறித்துக்கொள்கிறார், நீயோ என் முகம் கோணினால் போதும், எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றுவிட்டு வைத்துவிடுகிறாய். உன் கூட்டாளி முஆஸின் பொஞ்சாதி அடுத்த கிழமை டோஹாவுக்கு வருகிறாள், இதையும் கொஞ்சம் கருவாட்டையும் அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். மாதம் முடிந்ததும் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கம்பனியில் கையெழுத்து வைக்கப்போகிறேன், வாப்பாவால் இனி முடியாது என்று சொன்னாயே, இதைக் கடைசிவரை வாசிக்காமல் பேனையைத் தொடாதே. இது உம்மாவின் கட்டளை.

சீனி வருத்தத்தில் வாப்பாவின் இடது கால் போன பிறகு வீடு எப்படி இருந்தது என்று உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. தோணி கரைக்கு வரும் நேரத்துக்குத் துறைக்கு ஓடி, மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி ஆலங்குடா ஹோட்டல் குசினிகள்வரை விற்றுவந்த மனுஷன், கதிரையில் இருந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு போல என்னை ஏசினாலாவது பரவாயில்லை, ஏசவும் இல்லை, அதுதான் எனக்குப் பெரிய பயம். அப்போதுதான் உன் லத்தீப் மாமா, என் தம்பி என்று நான் இப்போது நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவன், தில்லையடி கராஜில் கழித்துப்போட்ட பழைய பீட்டில் காரின் பின்பாதியை லொறியில் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினான். பின்னால் அந்த எஞ்சினும் இரண்டு சில்லும், முன்னால் மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலும் ஒரு சில்லும், கிளட்சைக் காலால் மிதிக்காமல் கையால் பிடிக்க ஒரு கம்பி, இதுதான் மச்சானுக்குப் புதுக் கால் என்றான். வாப்பா பொல்லை ஊன்றிக்கொண்டு எழும்பிப்போய் எஞ்சினைத் தட்டிப் பார்த்தார். தானாக எழும்பினார் மகன், நான் கூப்பிடாமல். அன்றைக்கு நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிச் சுக்ருத் தொழுதேன்.

மீதி உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உனக்கு மறைத்த ஒரு பகுதி அதில் இருக்கிறது. ஐஸும் மீனும் ஏற்றி மணலில் விட்டால் அந்தச் சின்ன எஞ்சின் இருமிக்கொண்டு நின்றது, பெரிய பிஸ்டனும் சிலிண்டரும் போட்டால் இழுக்கும் என்று மாமா சொல்ல, நீ வேலை முடிந்து கடை கடையாக ஏறித் தேடி அனுப்பினாய். பெரிய சிலிண்டர் இறங்க எஞ்சினின் வாயைக் கடைந்து அகலமாக்க வேண்டும், புத்தளத்தில் கேட்ட இடமெல்லாம் பழைய மெட்டல், வெடித்துவிடும் என்று கையை விரித்தார்கள். சிலாபத்து லேத் பட்டறை பாஸ் ஒருவர் மட்டும் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் கரமு, செய்வோம், என்றாராம். அதுவரை எல்லாம் சரி. இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது, காற்றில்தான் சூடு ஆறும், அதற்கு ஒரு விசிறியும் அந்தக் காற்றைச் சிலிண்டர்களுக்குக் கூட்டிப்போக ஒரு தகர உறையும் உண்டு, எஞ்சின் பெரிதானால் சூடும் கூடும், தகரம் கட்டாயம் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். பழைய தகரம் உப்புக்காற்றில் உக்கிப்போயிருந்தது. உனக்கு ஓம் சொல்லிவிட்டு ஃபோனை வைத்ததும் வாப்பா என்ன சொன்னார் தெரியுமா, கல்பிட்டில காத்துக்குப் பஞ்சமா, வெள்ளக்காரன் பிளேன் ஏறி வாறதே நம்மட காத்துல பட்டம் கட்டிக் கடல்ல பறக்கத்தான், இதுக்கு என்னத்துக்கு விசிறி என்றார். மாமாவும் அதுதானே மச்சான் என்று தகரத்தையும் விசிறியையும் கழற்றி மூலையில் வைத்துவிட்டான். வேறு ஊர் ஆள் யாராவது இப்படி நினைப்பானா? காற்றுக்குள்ளே பிறந்து காற்றுக்குள்ளே வளர்ந்தவர்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

கடலிலிருந்து கச்சான் காற்று வீசுகிற நாளில் முதல் ஓட்டம் போனார். கடலைப் பார்த்துப் போகும்போது காற்று எதிரே, எஞ்சின் பாட்டுப் படித்துக்கொண்டு போனதாம். மீன் ஏற்றித் திரும்பும்போது அதே காற்று முதுகில். வண்டியும் காற்றும் ஒரே வேகத்தில் போனால் எஞ்சினுக்கு எங்கே காற்று? தென்னந்தோட்டத்து மணல் பாதையில், பாரமும் சேர்ந்து, சூடேறிப் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. அந்த வெயிலில் ஒற்றைக் காலோடு இறங்கித் தள்ளவும் முடியாமல் மனுஷன் சீட்டிலேயே இருந்திருக்கிறார். ஆலங்குடா ஹோட்டலில் சமைக்கிற யூஜினிதான், மீன்கார நானாவைக் காணவில்லையே என்று தேடிவந்து, வெள்ளைக்காரருக்குக் கடலில் பட்டம் விடப் பழக்குகிற பெடியன்களைக் கூட்டிவந்து தள்ளி வீடு சேர்த்தாள். மீனும் பழுதாகாமல் அவளே த்ரீவீலில் ஏற்றிப்போனாள். அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் குறைவில்லாமல் கொடுக்க வேண்டும். வாப்பா கதிரையில் இருந்தபடி, இதக் கழட்டி இரும்புக்குப் போடு என்று மட்டும் சொன்னார். அன்று நீ ஃபோன் எடுத்தபோது நான் காரணத்தைச் சொல்லாமல் அழுதேன், அந்த அழுகையைக் கேட்டுத்தான் நீ கையெழுத்துக் கதையை எடுத்தாய்.

அழுது முடிய எனக்குக் கோபம் வந்தது. உன் உழைப்பில் வந்த சாமானை இரும்புக்குப் போட நான் என்ன பைத்தியமா? லத்தீபைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து கழற்றினீர்கள்தானே, இரண்டு பேரும் சேர்ந்து பூட்டுங்கள் என்று ஏசினேன். திறந்து பார்த்தால் அல்ஹம்துலில்லாஹ், ஒரு பிஸ்டனில்தான் உரசல், மற்றவை தப்பியிருந்தன. சிலாபத்து பாஸ், கார் செய்தவன் தகரத்தை என்ன அழகுக்கா வைத்திருக்கிறான் என்று சிங்களத்தில் நல்லா ஏச்சுக் கொடுத்துவிட்டு, சிலிண்டரைத் தேய்த்து, ரிங்கும் மாற்றி, ஓடினால் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இனித் தகரம். பழையதை அளவெடுக்கக் கையில் எடுத்தால் உதிர்ந்து கொட்டியது, மாமா தலையைச் சொறிந்தான். இத்தனை வருஷம் ஊருக்குச் சட்டை வெட்டுகிற எனக்கு இது வெட்ட வராதா? அளவு நாடாவோடு பாயைப் போட்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தேன். சீமெந்துப் பேப்பரைச் சுற்றி ஊசி குத்தி, சட்டைக் கைக்கு வளைக்கிற மாதிரிச் சிலிண்டர்களுக்கு வளைத்து, கழுத்து வெட்டுகிற மாதிரி விசிறிக்கு வட்டம் வெட்டி, தையலுக்கு விடுகிற மாதிரி மடிப்புக்கும் விட்டேன். வாப்பா கதிரையிலிருந்து எட்டிப் பார்த்து, எஞ்சினுக்கு ஜாக்கெட் தைக்கிறா என்று சிரித்தார். கால் போன பிறகு அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு தானே வந்து, இந்த இடத்துல இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடி, காத்து ஒழுகும் என்று பேப்பரைப் பிடித்துக்கொண்டார். யூஜினி ஹோட்டல் குசினியில் கழற்றிப்போட்ட புகைக்கூட்டுத் தகரத்தை அனுப்பினாள், துருப்பிடிக்காத சாமான், அதில்தான் மாமா வெட்டி மடித்து, விசிறியையும் சேர்த்துப் பூட்டினான்.

இப்போது ஜும்ஆ நாள் தவிர எல்லா நாளும் துறைக்குப் போகிறார். எந்தப் பக்கம் காற்று வீசினாலும் எஞ்சினுக்குச் சொந்தக் காற்று இருக்கிறது. திரும்பி வரும்போதே கேட்டடியில் நின்று, அடியே மர்ளியா, தேத்தண்ணி ஊத்து என்று ஊர் கேட்கக் கத்துகிறார், நானும் கத்துகிறேன், வீடு வீடாக இருக்கிறது. பெற்றோல் குடிக்கிறது, அது ஒரு கவலை. அந்த வண்டியோடு தார் போட்ட கார்ப்பட் ரோட்டில் ஏறமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன், மணல் பாதையோடு சரி. கால் வெட்டிய இடத்தைத் தினமும் நானே பார்க்கிறேன், புண் இல்லை. நீயும் சீனி பார்த்துக்கொள், அது வாப்பா வழியில் வரும், கடைச் சாப்பாட்டைக் குறை, வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே. கண்டக்குழியில் கால் ஏலாத ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தனக்கும் இப்படி ஒன்று செய்து தரச் சொல்லியிருக்கிறார், இன்னும் ஆட்கள் கேட்கிறார்கள். தனியாக ஏலாது, இந்த எஞ்சின் தெரிந்த மருமகன் வந்தால் அந்த வேலைகளைப் பிடிக்கலாம் என்கிறான் மாமா. நான் சொன்னதாக நினைக்காதே, அவனாகச் சொன்னது.

நேற்று மாமா வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டியைத் தள்ளிவிட்டு ஒரு சீட் வெல்ட் பண்ணிக்கொண்டிருந்தான். மீன் வைக்கிற இடத்தில் யாரை ஏற்றப்போகிறீர்கள் என்று நான் சண்டைக்குப் போனேன். வாப்பா என்னைப் பார்க்காமல் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு, புள்ள பஸ்ஸால இறங்கினா பெட்டியத் தூக்கிட்டு மணல்ல நடந்தா வாற, நான் போய்க் கூட்டிட்டு வாறேன் என்றார். அந்தச் சீட்டில் என்னைக்கூட இன்னும் ஏறவிடவில்லை மகன்.

கையெழுத்து வைக்காதே. உன் உழைப்பில் இத்தனை காலம் சாப்பிட்டோம், அல்லாஹ் அதற்குரிய கூலியை உனக்கு இரு உலகிலும் தருவான், இனி வாப்பா உழைக்கிறார். அவன் உன்னை ஈமானோடும் நல்ல உடம்போடும் எங்கள் கண்முன் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன். வரும்போது விசிறிக்கு ஒரு பெல்ட் எடுத்துவர மறக்காதே, இரண்டு என்கிறார் வாப்பா.

உன் வரவுக்காக துஆவோடு,
உம்மா மர்ளியா.