மூக்குத்தித் திருகாணி போட்ட ஜெர்மன் கேமரா

உன் கேமராவின் தோலுறையைத் திறந்ததும் அதே வாடை, பழைய தோலும் உப்புக்காற்றும். நீ போய் ஏழு மாதமாகிறது. இன்று புதுச்சேரியிலிருந்து பழைய கேமரா வாங்குகிறவர் வந்தார். உன் மனைவி, எனக்கு அண்ணி, பேசிவிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று என்னுடையதையும் கொண்டுபோனேன்.

இரண்டும் இரட்டை லென்ஸ் பெட்டிகள்தான். உன்னுடையது ஜெர்மன், என்னுடையது ஜப்பான். உன்னுடையதில் கைப்பிடியைச் சுற்றினால் பிலிம் தானே எண்ணி நிற்கும். நானோ பின்னாலிருக்கும் சிவப்புக் கண்ணாடியில் நம்பரைப் பார்த்துப் பார்த்துத் திருக வேண்டும். "ஏம்பா, இது கேமராவா, கிணத்து ராட்டினமா?" என்பாய். எதிர்வெயிலில் உப்புக்குவியலை எடுத்தால் உன் படத்தில் பரல் பரலாகத் தெரியும். என் படத்தில் சுண்ணாம்பு அடித்தது போலிருக்கும். பிலிம் சரியில்லை என்று சாதிப்பேன்.

பெட்டியின் மேல்பக்கம் குனிந்து பார்க்கும் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். ஒருநாள் அதைப் பார்த்தபடியே உப்பள வரப்பில் நடந்து, திரும்ப வேண்டிய பக்கத்தை விட்டு மறுபக்கம் திரும்பி, உப்புப் பாத்திக்குள் உட்கார்ந்தாய். கேமரா மட்டும் உன் தலைக்கு மேலே இருந்தது. "நான் நனைஞ்சா காஞ்சிடுவேம்பா. இது காயாது."

அப்படியும் தெறித்த உப்புநீரில் கைப்பிடித் திருகாணி அரித்து விழுந்தது. நீ அண்ணியின் மூக்குத்தித் திருகாணியைக் கழற்றிக்கொண்டு மரக்காணம் கடைத்தெருவுக்கு ஓடினாய். நகை செய்யும் பத்தர் அதை அராவி மாட்டிக் கொடுத்தார். அண்ணி ஒரு மாதம் மூக்கில் வேப்பங்குச்சியோடு திரிந்தார், உன்னோடு பேசவில்லை.

வந்தவர் அதைத்தான் கண்டுபிடித்தார். "ஜப்பான் வேணாங்க, அது நெறைய கெடக்குது. ஜெர்மன் எடுத்துக்கிறேன். ஆனா இந்தத் திருகாணி ஒரிஜினல் இல்லீங்க. இத கழட்டிட்டு வேற போட்டாத்தான் ஷோகேஸ்ல வெக்க முடியும்."

எனக்குச் சுருக்கென்றது. "ஷோகேஸ்ல வெக்கிறதுக்கு எதுக்குங்க திருகாணி? படம் புடிக்கிறவனுக்குத்தான் அது வேணும்."

அவர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அது என் மூக்குத்தியோடதுங்க. விக்கல." பிறகு என்னிடம் நீட்டினார். "நீங்க படம் புடிங்க. சும்மா கெடந்தா உப்பு தின்னுடும்."

ஆகவே உன் பெட்டி இப்போது என் தோளில் தொங்குகிறது. மதிப்புப் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். நான் இதை உப்பளத்துக்குத்தான் கொண்டுபோவேன், தேயத் தேய எடுப்பேன். ஆனால் ஒன்று, ஜப்பான்தான் நல்ல பெட்டி. நேற்றும் அதைத்தான் சொன்னேன், நாளையும் சொல்வேன். இல்லை என்றால் நீயே வந்து சொல்.