என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன்

எபேசுவில் இருக்கும் தம்பி சோசியாஸுக்கு, பிலிப்பியிலிருந்து அண்ணி நிகாரேத் எழுதுவது: மகிழ்க.

நானும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். என் மனசுதான் நேற்றிலிருந்து ஒரு நிலையில் இல்லை. வேறு யார் வாயாலும் நீ கேட்கக் கூடாதென்று நானே எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நேற்று மெலித்தா வீட்டில் அப்பம் பிட்கக் கூடியிருந்தோம். சிறையிலிருந்து நம் போதகர் அனுப்பிய கடிதத்தை வாசிக்கச் சாயக்காரர் யோவசார் எழுந்தார். அப்போது தலையை மூடிக்கொண்டு ஒருவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். துணியை விலக்கியபோதுதான் முகம் தெரிந்தது. வெத்தியுஸ். உன் அண்ணனைச் சந்தையில் கட்டிவைத்து, உயிர் போகும்படி அடித்த, நகர அதிகாரிகளின் அதே தடிக்காரன். நான் வராத கூட்டங்களுக்கு அவன் சில நாளாகவே வருகிறானாம். என்னிடம் சொல்லத்தான் யாருக்கும் தைரியமில்லை.

யோவசார் படித்தார்: ‘உங்களுக்குக் கிருபையும் சமாதானமும் உண்டாவதாக.’

நாமெல்லாம் கடிதத்தில் ‘மகிழ்க’ என்றுதானே தொடங்குவோம்? அந்த இடத்தில் போதகர் கிருபை என்று போட்டு, யூதர்கள் வாசலில் சொல்லும் சமாதானத்தையும் சேர்க்கிறார். மரியாதைக்கு எழுதுவது என்று இத்தனை காலம் நான் அதைக் காதில் வாங்கியதே இல்லை.

நான் எழுந்துவிட்டேன். “‘உங்களுக்கு’ங்கிறதுல இவனும் உண்டா?” என்று கேட்டேன்.

வாசிப்பு நின்றது. கிருபை தகுதி பார்த்து வருவதில்லை என்றார் யோவசார். சமாதானம் என்றால் யூதர்களின் பாஷையில் ஒன்றும் குறையாமல் முழுசாக இருப்பதாம்.

“என் வீட்டுல ஒரு ஆள் குறையுதே, ஐயா” என்றேன். அவர் கடிதத்தைத் தாழ்த்தினார்.

வெத்தியுஸ்தான் எழுந்தான். “அந்தம்மா கேக்கறது நியாயம். அவங்களுக்குன்னே படிங்க. நான் வெளிய நின்னுக்கறேன்” என்றான்.

“உக்காரு” என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அவன் உட்கார்ந்தான்.

பிறகு அப்பம் கை மாறி வந்தது. எனக்கு அடுத்தவன் அவன்தான். எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். பிட்டுக் கொடுத்தேன். வாங்கியவன் வாயில் வைக்க முடியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். நான் வீட்டுக்கு வந்து, தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தேன்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லை. உன் அண்ணனுக்குத் துரோகம் செய்தேனா என்பதும் தெரியவில்லை.

இதைப் படித்ததும் நீ கப்பலேறுவாய். வராதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் கரையிறங்கியதும் நேராக என்னிடம் வா. அவன் வீடு எங்கே என்று யாரிடமும் விசாரிக்காதே. உன் அண்ணன் முதுகை இந்தக் கையால்தான் கழுவி அடக்கம் செய்தேன். இன்னொரு உடம்பைக் கழுவ எனக்குத் தெம்பில்லை, அது உன்னுடையதானாலும் சரி, அவனுடையதானாலும் சரி.

கடவுள் உன்னை வெறுங்கையோடு கொண்டுவந்து சேர்க்கட்டும், தம்பி.

உன் அண்ணி,
நிகாரேத்