பஞ்சுவைப் பிடித்து இழுக்காதே

கொட்டாஞ்சேனை
7.4.42, செவ்வாய் காலை

எமில்டா,

நான் கந்தோருக்கு வேலைக்குப் போகிறேன். உன்னை எழுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் குண்டு விழுந்ததிலிருந்து முயல் பஞ்சு சரியாகத் தின்னவில்லை. நேற்று அலுமாரிக்குக் கீழே பதுங்கியிருந்ததை, வீடு கூட்டுவதற்காக நீ காதைப் பிடித்து இழுத்தாய். அதன்பிறகு ஒரு இலைகூடத் தொடவில்லை. முயல் இப்படியே கிடந்தால் செத்துவிடும்.

தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து என் அறை மூலையில் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் வாசல் வெட்டினேன். தப்ப வழி இல்லாத இடத்தில் முயல் ஒளியாது. உள்ளே உன் அண்ணி றெஜினாவின் பழைய சேலை இருக்கிறது. அதைத் துவைக்க எடுக்காதே. கங்குன் கீரையைப் பெட்டி வாசலில் வைத்துவிட்டு வந்துவிடு. உள்ளே கை விடாதே.

அபாயச் சங்கு ஊதினால் நீ மேசைக்குக் கீழே போ. முயலைத் தேடாதே.

நேற்று நான் பெட்டி தேடியபோது, “மனுசருக்கே ஒளிய இடமில்லை, முயலுக்கு மாளிகையோ அண்ணே?” என்று கேட்டாய். றெஜினாவை அடக்கம் பண்ணி நாலு மாதம். அவள் வளர்த்த முயலையும் புதைக்க என்னால் முடியாது.

பத்து மணிக்கு முகத்துவாரத்துக் கிளெமென்ற் மாமா கூடையோடு வருவார். முயலைத் தருவதாக நீ சொன்னாயாம். அவர் வளவில் மூன்று நாய்கள். கொடுக்காதே. நான் மறுத்ததாகவே சொல்.

அண்ணன்

இப்போதுதான் எட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள் போய்விட்டது. இன்னும் தின்னவில்லை.

நேற்றுச் சாப்பிடக் கூப்பிட்டு நீ கதவைத் தட்டியது கேட்டது. கோபம் இல்லை, எழுந்து வர முடியவில்லை. இன்றைக்கு எனக்கும் சோறு வை.