கார்த்தஹேனாவில் ஆர் இருக்கினம்?

மார்ச் 3, செவ்வாய். ஓல்டன், சுவிஸ்.
மூடுபனி. முதியோர் இல்லத்தில் காலை வேலை. ஏப்ரல் லீவு உறுதி. மாலை டிக்கெட் எடுத்தாயிற்று: சூரிச், மட்ரிட், பொகோட்டா, கார்த்தஹேனா. கொலம்பியாவின் கரீபியன் கரையில், மதில் சூழ்ந்த பழைய துறைமுக நகரம். தனியாக. எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு.
எம்மன்புரூக்கே, அண்ணா வீடு. புட்டு, ஆட்டிறைச்சிக் கறி. சொன்னேன்.
"அங்க ஆர் இருக்கினம்?" அண்ணா.
"ஒருத்தரும் இல்லை."
"ஒருத்தரும் இல்லாத ஊருக்கு என்னத்துக்குப் போறாய்?"
பாரிஸ் என்றால் சித்தப்பா வீடு. லண்டன் என்றால் பெரியம்மா வீடு. டொரொண்டோவில் கலியாணம், நயாகராவையும் பட்டுச் சேலையோடுதான் பார்த்தோம். எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு சொந்தக்காரரின் சோபாவில் நித்திரை. போதும்.

மார்ச் 15, ஞாயிறு.
அண்ணியின் போன். அண்ணாவின் மகள், என் மருமகள் யாழினிக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு, ஏப்ரல் 18. சரியாக நான் கார்த்தஹேனாவில் நிற்கும் கிழமை. "மண்டபம் அண்டைக்குத்தான் கிடைச்சது."
நம்பவில்லை. மாமி முறைக்கு ஆராத்தி நான் எடுக்க வேண்டும். கேட்டேன்: "நான் எடுக்கலாமோ, அண்ணி?"
"சபையில நாலு பேர் நாலு விதமாக் கதைப்பினம். நீங்கள் பலகாரப் பையளைப் பாருங்கோவன்."
புருஷனைப் பிரிந்தவளின் கை ஆராத்தித் தட்டில் படக்கூடாது. முறுக்கில் படலாம்.

மார்ச் 22, ஞாயிறு.
மழை. அண்ணா வந்தார்.
"நீ வராட்டி சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?"
"உண்மையைச் சொல்லுங்கோ."
"போறதெண்டால் இனி என்ர வாசல்படி மிதியாதை."
தேத்தண்ணி ஆறிக்கிடந்தது. அழுதேன். பிறகு அலுமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினேன். வாங்க: தொப்பி, சன்கிறீம், நுளம்பு மருந்து, நல்ல செருப்பு.
யாழினி வாட்ஸ்அப்பில்: "மாமி, என்னைப் பல்லக்கில ஏத்தப் போயினமாம். வெக்கமாக் கிடக்கு. நீங்களாவது தப்புங்கோ."

ஏப்ரல் 16, வியாழன். கார்த்தஹேனா.
வெயில் என்றால் வெயில். மஞ்சள் வீடுகள், மரப் பால்கனிகள், காகிதப்பூ. முழங்கால் நோ. மதில் ஒரு வீதி அளவு அகலம். அடிமைகள் கட்டியது, வழிகாட்டி அதை ஒரே வரியில் முடித்துவிட்டுக் கடற்கொள்ளையர் கதைக்குத் தாவினார்.
யாழ்ப்பாணத்திலும் கோட்டை இருந்தது. கம்பஸில் வரலாறு படித்த காலத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி, உள்ளே ஆமி. இங்கே மேலே ஏறினேன். ஒருவரும் அடையாள அட்டை கேட்கவில்லை.
மாங்காய் விற்கும் பெண், உப்பும் தேசிக்காயும் போட்டு. "சோலா?" என்றாள். தனியாகவா என்று. "சீ" என்றேன், ஸ்பானிஷில் ஓம் என்று, தேவைக்கு மேல் சத்தமாக. சிரித்துவிட்டாள்.

ஏப்ரல் 18, சனி.
காலை. மதில் மேல், பீரங்கிக்குப் பக்கத்தில். எம்மன்புரூக்கேயில் இப்போது பின்னேரம், மண்டபம் நிறைந்திருக்கும். யாழினியை நினைத்தால் மட்டும் நெஞ்சு கனக்கிறது.
அவளிடமிருந்தே செய்தி: "மாமி, பல்லக்கு முடிஞ்சுது. உங்களுக்கு வேலையில லீவு குடுக்கேல்லையாம் எண்டு அப்பா எல்லாருக்கும் சொல்லுறார். மைக்கிலயும் சொன்னவர்."
திரும்ப வாசித்தேன். வாசலை மூடியது போதாது. நான் வந்ததையே இல்லாமலாக்கிவிட்டார். சனத்தின் வாயில் நான் இன்னும் ஓல்டனில், யாருக்கோ போர்வை மாற்றிக்கொண்டு.
மண்டபத்தில் பாதிப் பேரிடம் என் நம்பர் இருக்கிறது.
பக்கத்தில் நின்றவரிடம் போனைக் கொடுத்தேன். கடல், பீரங்கி, தொப்பி, நான். பல் தெரிய. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். கீழே எழுதியது: "லீவு கிடைச்சது."
முதலில் பார்த்தது அண்ணி. பிறகு பாரிஸ் சித்தப்பா. யாழினி கைதட்டல், ஒரு வரிசை முழுக்க.
அண்ணாவின் அழைப்பு. அடிக்கட்டும். மாங்காய்க்காரி வந்துவிட்டாள்.