அப்பா படத்துக்கு ஆரஞ்சு மாலை

ஜூலை 4, வெள்ளி

காலையிலேயே வெயில். முதலில் கண்ணில் பட்டது அப்பா படத்து மாலை. நேற்று நான் போட்டது மல்லிகை. இன்று ஆரஞ்சு பிளாஸ்டிக். "கேமராவுல இதுதான் எடுப்பா தெரியும்"னு ஷூட்டிங் ஆள் ஒருத்தர்.

மூன்று நாளைக்கு எங்கள் கிள்ளான் வீடு சினிமாவுக்கு. வாடகை இல்லை. பதிலுக்கு என் அண்ணனுக்குப் படத்தில் ஒரு வசனம். "மச்சான், போலீஸ் வருது!" ஒரு வாரமாக அவன் வாயில் அதேதான். குளிக்கும்போதும்.

ஹீரோ ரிஷிவர்மன் வந்தார். 'மக்கள் புயல்'. பிரிக்பீல்ட்ஸில் மண்டபம் வாடகைக்கு எடுத்து, விழா வைத்து, தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பட்டம். கையெழுத்துப் போட்ட தன் படத்தை எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கும்.

"ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டு தங்கச்சி. எந்த ஸ்கூல்?"

நான் தரையைப் பார்த்தேன். அண்ணன்தான் சொன்னான். "ஸ்கூல் நிறுத்திட்டா பாஸ். வாயே திறக்க மாட்டா." எல்லாரும் சிரிப்பு.

ஜூலை 5, சனி

மழை. கூரைச் சத்தத்தில் ஷூட்டிங் நின்று நின்று. டீத்தூள் வாங்கணும். கழிவறை கழுவணும், சகிக்கவில்லை.

இன்றுதான் விஷயம் தெரிந்தது. கதையில் அப்பா, மகன் இரண்டும் ரிஷிதான். அப்பா செத்துப்போய்ச் சுவரில் தொங்கணும். தன் படத்தை மாட்டக் கூடாது என்றுவிட்டாராம்.

"உயிரோட இருக்கிறவன் படத்துக்கு மாலையா? ஆகாது லா."

அதனால் எங்க அப்பா படம்.

"முகம் வேற ஆச்சே பாஸ்?" என்றார் கேமராக்காரர்.

"சுவர யார் பாக்கிறா? என்னைத்தான் பாப்பாங்க."

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "உங்கப்பா சினிமாவுல வராரு." அத்தைக்கு ஃபோன் போட்டாச்சு. அப்பா படத்தைப் பார்த்து என்ன வசனம் என்று யாரும் சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அறையைத் தாழ் போட்டு எழுதுகிறேன். வெளியே கூடாரத்தில் ஷூட்டிங் ஆட்கள் இன்னும் சாப்பிடுகிறார்கள்.

காலையில் அந்த சீன். ரிஷி அப்பா படத்தைப் பார்த்து, "குடிச்சுக் குடிச்சே குடும்பத்த அழிச்ச நாயே!" துப்பினார். நிஜமாகவே. அப்பா கன்னத்தில் வழிந்தது. கைதட்டல்.

அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டினவர். ஒரு சொட்டு தொட்டதில்லை. தீபாவளிக்குக்கூட ஆரஞ்சு சோடாதான்.

அம்மா டீத்தட்டோடு நின்றாள். இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

அண்ணனைப் பார்த்தேன்.

"நடிப்புதானே லா. சும்மா இரு. இது முடிஞ்சாதான் என் சீன்."

டைரக்டர்: "சூப்பர் பாஸ்! சாப்ட்டு இன்னொரு தடவ. கொஞ்சம் அதிகமா துப்புங்க."

நாய். நாய். எல்லாரும் நாய்.

அண்ணன் வசனம் போகும். போகட்டும்.

ஹாலில் யாரும் இல்லை. நாற்காலி போட்டு ஏறினேன். அப்பாவை இறக்கி, துடைத்து, என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். என் ஆறாம் வகுப்பு சர்ட்டிஃபிகேட்டை ஃபிரேமிலிருந்து உருவினேன். கையெழுத்துப் போட்ட மக்கள் புயலை உள்ளே வைத்தேன். அதே ஆணியில் மாட்டினேன். ஆரஞ்சு மாலையையும் போட்டேன்.